ஒன்பதாம் வாயில்

வாக்கியம் பழையது.
ஒரு சொல்தான் புதிது.

"தீ எச்சரிக்கை ஒலித்தால் தாமதிக்காமல்
அம்புக்குறியைப் பின்பற்றவும்.
ஆறாம் வாயில் வழியாக வெளியேறவும்."
மார்ச்சில், மனாமாவில்,
ஹூராவின் இந்த மூன்றாம் மாடி அறையில்
ஜெசிந்தா வாசித்துக் கொடுத்தது.

ஆறாம் வாயிலை அடைத்துவிட்டார்களாம்.
இனி ஒன்பது.
"ஆறைத் தலைகீழாத் திருப்பிப் போடுங்க, முடிஞ்சது"
என்று போனில் சிரிக்கிறார் குரியாக்கோஸ்.
ஹிந்தி, வங்காளம், மலையாளம் எல்லாம் தயார்,
தமிழ் மட்டும் பாக்கி.

ஜெசிந்தா இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம்,
அல் கோபாரில் செவிலி, இரவுப் பணி.
அலமாரிக்குள் உட்கார்ந்து
ஏசியை அணைத்துவிட்டு
போனில் பேசி அனுப்பியிருக்கிறாள்.
ஒன்பதாம். ஒன்பதாம். ஒன்பதாம்.
மூன்றாவதில் ஒரு ஹேங்கர் இடிக்கிறது.

இரண்டாவதை எடுத்து ஒட்டிப் பார்த்தேன்.
அதே தொண்டைதான்.
ஆனாலும் வெள்ளைச் சுவரில்
வேறு டப்பா வெள்ளையால் தொட்டதுபோல்
தனித்துத் தெரிகிறது.

திரையில் மார்ச் நீலக் கோடு,
ஆகஸ்ட் ஆரஞ்சு.
தானாகப் பொருத்த ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினேன்.
ஆறுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசத்தையே
குறையென்று எண்ணித் திருத்தி வைத்தது.
எழுத்து வேறு, அறை வேறு என்று
அதற்கு யார் சொல்வது?

கையால்தான் ஆகவேண்டும்.
மார்ச்சில் அவள் ஒன்பது என்று சொல்லவேயில்லை.
ஆனால் 'ஒலித்தால்' என்றதில் ஒரு 'ஒ' இருக்கிறது.
'பின்பற்றவும்' நடுவே 'ன்ப'.
'தாமதிக்காமல்' தொடங்கும்போதே 'தாம'.
மூன்றையும் வெட்டி ஒட்டினால் என்ன என்று
ஒருகணம் ஆசைப்பட்டு
ஒட்டியும் கேட்டேன்.
யாருடைய குரலும் இல்லை அது.

சரி, அளவுகோலாக இருக்கட்டும்.
ன்-ஐ ன்-ஓடு வைத்தேன், தா-வைத் தா-வோடு.
இருநூற்றைம்பதில் ஆரஞ்சு புடைத்திருக்கிறது.
அவள் மூக்கில் நிற்கும்போதெல்லாம்
அலமாரிப் பலகையும் சேர்ந்து 'ன்' என்கிறது.
மூன்று டெசிபெல் குறைத்தேன்.
நாலாயிரத்துக்கு மேல் ஏதுமில்லை,
தொங்கும் சீருடைகளும் அபாயாவும்
சொல்லின் விளிம்பைத் தின்றிருக்கின்றன.
ஏற்றினேன். விளிம்பு வந்தது.
ஒரே விசாவில் இருவர் இறங்கியதுபோல்
இரைச்சலும் வந்தது.
பாதி இறக்கினேன்.

அடியில் இன்னொன்று.
சுவருக்கு அப்பால் ஃப்ரிட்ஜ்.
அதை அணைக்க அவளுக்குத் தோன்றியிருக்காது.
அந்தக் கரையில் மின்சாரம் நொடிக்கு அறுபது,
இந்தக் கரையில் ஐம்பது;
ரீங்காரம் அதன் இரட்டிப்பில்.
பாலத்தில் நாம் பாஸ்போர்ட் நீட்ட வேண்டும்.
ரீங்காரத்தைக் கேட்டாலே போதும்,
ஊர் தெரிந்துவிடும்.

நூற்றிருபதை ஊசியால் குத்தி எடுத்தேன்.
என் டியூப்லைட்டின் பழைய நூறை
மார்ச்சின் ஒரு மௌனத்திலிருந்து நறுக்கி
அடியில் விரித்தேன்.
முக்கால் நொடிக்கு ஜெசிந்தா
மறுபடி இந்த நாற்காலியில் இருந்தாள்.

கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்துவிட்டன.
கண்ணை மூடிக் கேட்டேன்.

இன்னும் ஏதோ இருக்கிறது.

மார்ச்சில் அவள் தாளைப் பார்த்து வாசித்தாள்.
ஆறு என்பது ஓர் எண், அவ்வளவே.
இப்போது தீக்காயப் பிரிவில் ஐந்து மாதம் ஆகிறது.
ஒன்பதாம் என்கையில்
யாரையோ தோளில் கைவைத்துத்
தள்ளுகிறது அந்தச் சொல்.

எத்தனை ஹெர்ட்ஸில் இருக்கிறது அது என்று
நான் தேடவில்லை.

அனுப்பினேன்.
பதினைந்து நிமிடத்தில் குரியாக்கோஸ்:
"எங்கே மாத்தினீங்கன்னே தெரியலை.
இந்த ஒரு சொல்லுக்கெல்லாம் தனி பில் வேண்டாம், என்ன?"

காலை ஷிஃப்ட் பஸ்கள்
கீழே தெருவில் நிரம்பிக்கொண்டிருந்தன.
டியூப்லைட்டை அணைத்தேன்.
நூறு நின்றது.